தெரியாது என்று ஒரு கட்டம்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள் ஜன்னலை மாற்றிப்பார் என்று சொல்லவில்லை. சொல்லும் தேவை அவர்களுக்கு வந்திருக்காது. கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டில் தாத்தா காலத்தில் ஆசாரி வைத்த தேக்கு ஜன்னல்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கம்பி துருப்பிடிக்கும், கொக்கி கழன்று விழும், பொங்கலுக்குப் பொங்கல் பச்சை எனாமல் ஒரு பூச்சு கூடும். அவ்வளவுதான். ஒஹாயோ மாநிலத்துக் குளிரில் ஒரு பழைய வீட்டை வாங்கும் வரை, ஜன்னல் என்பது வீட்டோடு பிறந்து வீட்டோடு போவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கிளீவ்லாந்து என்றால் நம்மவர்களுக்குத் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். 1978-ல் தொடங்கிய விழா. அந்த வருடம் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும், அப்போது சொல்கிறேன். நாங்கள் 2021 இலையுதிர் காலத்தில் வாங்கிய வீடு அந்த நகரத்தை ஒட்டிய புறநகரில் இருக்கிறது. 1926-ல் கட்டியது. 14 ஜன்னல்கள். மேலும் கீழுமாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஏறும். இரண்டு பக்கமும் சுவருக்குள்ளே கயிற்றில் இரும்புக் குண்டுகள் தொங்கும். குண்டின் எடைக்கும் சட்டத்தின் எடைக்கும் சரியாக இருப்பதால், ஒரு காலத்தில் விரலால் தூக்கினாலே போதுமாக இருந்திருக்கும், நிறுத்திய இடத்தில் நிற்கும். எங்களுக்கு வந்து சேர்ந்தபோது பாதிக் கயிறு அறுந்திருந்தது. ஜன்னலை மூடி வைத்திருந்தாலும் ஜனவரியில் திரைச்சீலை ஆடியது. ஈரி ஏரிக் காற்று யாரையும் கேட்டுக்கொண்டு உள்ளே வருவதில்லை.

குளிர்காலம் முடிந்ததும் இரண்டு ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிட்டு விலை கேட்டேன். குறைவாகச் சொன்னவரே 13,000 டாலர் சொன்னார். அளவெடுத்து நானே வாங்கினால் ஜன்னல்கள் 4,000 டாலருக்குள் முடிந்துவிடும். மிச்சம் 9,000 கூலியா என்று வயிறு எரிந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. சுவரில் ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிட்ட குடும்பம் எங்களுடையது. கைவேலைக்கு ஒரு சாதி, கணக்கெழுத ஒரு சாதி என்று பிரித்து வைத்த ஊரிலிருந்து வந்தவன், கையில் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு பெருமை வரும். கொஞ்சம் அசட்டுப் பெருமைதான். அந்தப் பெருமை இல்லாமல் நான் இதில் இறங்கியிருக்க மாட்டேன் என்பதால் சொல்கிறேன்.

தொழில் கற்றது ஒரு நண்பரின் வீட்டில். எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, அதுவும் பழைய வீடு, 1931-ல் கட்டியது. முந்தைய கோடையில் அவர் தன் எட்டு ஜன்னல்களைத் தானே மாற்றியபோது பக்கத்தில் நின்று ஆப்பு எடுத்துக் கொடுத்தவன் நான். (ஜன்னலுக்கும் சுவருக்கும் இடையில் சொருகும் மர ஆப்பைத்தான் சொல்கிறேன்.) பழைய மரச்சட்டத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டு அதற்குள் புது ஜன்னலைப் பொருத்துவதுதான் எளிய முறை. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உயரத்தையும் அப்படியே. கிடைப்பதில் சிறிய அளவை எடுத்து, அதிலும் கால் அங்குலம் குறைத்து ஆர்டர் கொடுக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்து பார்க்க வேண்டும். நூறு வயதை நெருங்கும் வீட்டில் எதுவும் மூலைமட்டத்துக்கு நிற்காது. உள்பக்கத்து மரப்பட்டியைச் சின்னக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, கண்ணாடிச் சட்டத்தை விடுவித்து, கயிற்றை அறுத்தால் சுவருக்குள் குண்டு தொம்மென்று விழும். 96 வருஷம் தொங்கிக் கிடந்தது விழுகிற சத்தம். முதல் தடவை கேட்கும்போது மனசை என்னவோ செய்யும். பிறகு அந்தப் பொந்தில் பஞ்சு அடைத்து, புது ஜன்னலை நிறுத்தி, ஆப்பு சொருகி, ரசமட்டம் பார்த்து, திருகாணி முடுக்கி, இடைவெளியில் நுரை அடித்தால் வேலை முடிந்தது. பழகியவருக்கு ஒரு ஜன்னலுக்கு இரண்டரை மணி நேரம்.

2022 ஜூனில் ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தோம். மாடியில், விருந்தினர் அறையில். நெம்பப் போகும்போது ஏதோ தோன்றி, "இவ்வளவு பழைய வீடு. பெயிண்ட்ல ஈயம் இருக்குமோ?" என்றேன்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார் நண்பர். "டெஸ்ட் மட்டும் பண்ணிடாதீங்க தலைவரே. பண்ணிட்டா தெரிஞ்சுடும். தெரிஞ்சுட்டா விக்கிறப்ப எழுதிக் குடுக்கணும்."

அவர் கெட்டவரில்லை. எங்களுக்குக் குழந்தை பிறந்தபோது ஒரு மாதம் இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த குடும்பம். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயப் பெயிண்ட் அடிப்பதை 1978-ல் தடை செய்தார்கள். அதற்கு முன் கட்டிய வீட்டை விற்பவர், பெயிண்ட்டில் ஈயம் இருப்பது தெரிந்தால் வாங்குபவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 1992-ல் ஒரு சட்டம் வந்தது. தெரிந்தால். அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஈயம் இருப்பது தெரியும், விவரம் கீழே என்று ஒன்று. விற்பவருக்கு அதுபற்றி எதுவும் தெரியாது என்று இன்னொன்று. சோதித்துப் பார்க்காதவர் இரண்டாவது கட்டத்தில் டிக் அடிக்கலாம். அது முழு உண்மை.

இன்னொரு விதியும் உண்டு. 2010 ஏப்ரல் முதல், 1978-க்கு முந்தைய வீட்டில் கூலிக்கு வேலை செய்கிறவர்கள் அதற்கென்று பயிற்சி எடுத்திருக்க வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரித்து ஓரம் ஒட்ட வேண்டும், தூசி பறக்காமல் ஈரமாக்கி வேலை செய்ய வேண்டும், எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், வீட்டுக்காரர் கையில் ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஜன்னல் மாற்றுவதற்கு விலக்கே கிடையாது. ஆனால் தன் வீட்டில் தானே வேலை செய்கிறவனுக்கு இந்த விதி பொருந்தாது. நியாயம்தான், அரசாங்கம் எந்த வீட்டுக்குள் நுழைந்து பார்க்கும்? 13,000 டாலர் கேட்டவரின் கூலியில் ஒரு பகுதி இதற்கானது என்று பிறகுதான் உறைத்தது. வேலை செய்பவன், வீட்டுக்காரன், மேற்பார்வை பார்ப்பவன் மூவரும் நானே. புத்தகத்தை நானே கொடுத்து நானே வாங்கிக்கொள்ள வேண்டும். தமிழில் ஜன்னலைத் தாங்குவதும் சட்டம், அரசு போடுவதும் சட்டம். இரண்டிலும் சந்து இருக்கிறது.

ஆக, நான் டெஸ்ட் பண்ணவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு ஜன்னல்களை மாற்றினோம். சட்டம் ஏறி இறங்கும் தடத்தில் பெயிண்ட் ஏழெட்டு அடுக்காக உதிர்ந்து கிடந்தது. வெள்ளை, கிரீம், ஒரு மங்கல் பச்சை, மறுபடி வெள்ளை. அதைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினேன். மிச்சத்தைச் சாதாரண வேக்குவத்தால் இழுத்தேன். வெயில் சாய்ந்து உள்ளே விழுந்தபோது அந்தரத்தில் தூசி மினுங்கியது. அழகாக இருந்தது என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

இரவு, இரண்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்த மகள் மாடி நடையில் தவழ்வதும் ஓடுவதுமாக இருந்தாள். கை வாய்க்குள். மனைவி என்னிடம் கேட்டார்: "அது என்ன தூசிங்க?"

"பழைய பெயிண்ட்."

"ஈயம் இருக்கான்னு பாத்தீங்களா?"

"தெரியாது."

"பாத்தீங்களான்னு கேட்டா பாத்தேன், பாக்கலைன்னு சொல்லணும். தெரியாதுன்னா என்ன அர்த்தம்?"

இந்தக் கட்டுரையில் நான் யோசித்து எழுதும் எல்லாம் இந்தக் கேள்விக்குள் அடக்கம். மறுநாள் காலை கடைக்குப் போய்ச் சோதிக்கும் குச்சி வாங்கி வந்தேன். பெயிண்ட்டைக் கத்தியால் மரம் தெரியும் வரை சின்னதாகக் கீறிவிட்டு, மருந்து தோய்ந்த நுனியை அதில் தேய்க்க வேண்டும். ஈயம் இருந்தால் நிறம் மாறும். குங்குமம் மாதிரி சிவந்தது.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஈயமா? நாம ஈயச் சொம்புலதானேடா ரசம் வெச்சோம்" என்றாள். அது வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம். பேச்சு வழக்கில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் நம் வீடுகளில் இந்தக் குழப்பம் உண்டு. காரீயம் குழந்தையின் வளரும் மூளையைத் தாக்கும், அந்தச் சேதம் திரும்பாது. இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. அன்றைய அமெரிக்க விதிப்படி ஒரு சதுர அடித் தரையில் 10 மைக்ரோகிராம் ஈயத்தூசி இருந்தாலே அது ஆபத்து. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கிராம் ஈயம் லட்சம் சதுர அடிக்குப் போதும். எங்களுடையது போன்ற 1,500 சதுர அடி வீடுகள் அறுபதுக்கு மேல். வீட்டிலேயே மோசமான இடம் ஜன்னல்தான், ஏனென்றால் ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் பெயிண்ட்டும் பெயிண்ட்டும் உராய்ந்து மாவாகும்.

வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-ல், நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல்காரர் வருகிறார். அவருடைய கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. குடியேறப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டும். தாங்குமா என்று அவருக்கே சந்தேகம் வருகிறது. முழுக்கப் பரிசோதித்துச் சரிபார்த்தால் செலவு. எத்தனை கடல், எத்தனை புயல் பார்த்த கப்பல், இந்தத் தடவையும் திரும்பி வராதா, கடவுள் இந்த ஏழைக் குடும்பங்களைக் கைவிடுவாரா என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார். கப்பல் புறப்படும்போது அவர் மனம் நிஜமாகவே தெளிவாக இருக்கிறது. நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை, மனதார நம்பினார். ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான் கிளிஃபர்ட்டின் கேள்வி. பார்த்து அறிந்து அடைந்த நம்பிக்கை அல்ல அது, சந்தேகத்தின் கழுத்தை நெரித்து அடைந்தது. இதற்குமேல் ஒரு படி போகிறார். கப்பல் மூழ்காமல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவருடைய குற்றம் குன்றிமணிகூடக் குறையாது என்கிறார். கல்லூரியில் படித்தபோது இது எனக்கு அதிகப்படியாகப் பட்டது. மூழ்காத கப்பலுக்கு என்ன குற்றம்?

நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்ட வரிகளைப் பிறகு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 96 வருஷமா இந்த வீட்ல குழந்தைங்க வளர்ந்திருக்காங்க. பொங்கலுக்கு அப்பா உப்புத்தாள் போட்டு ஜன்னலைத் தேய்க்கிறப்ப நாங்க பக்கத்துலதானே விளையாடினோம், எங்களுக்கு என்ன ஆச்சு? மேல பூசியிருக்கிறது புது பெயிண்ட்தானே. எத்தனை கடல் பார்த்த கப்பல் என்பதும் இதுவும் ஒன்றுதான். (எங்களுக்கு என்ன ஆனது என்பது யாருக்கும் தெரியாது, யாரும் அளந்து பார்க்கவில்லை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்துக்கு உச்சவரம்பு வைத்த விதிகள் 2016-ல்தான் வந்தன, அடுத்த ஆண்டு நடைமுறையாயின. அந்தப் பச்சை எனாமலில் என்ன இருந்ததோ.)

சைவ சித்தாந்தத்தில் அறியாமைக்குச் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. செம்போடே இருப்பது, யாரும் கொண்டுவந்து பூசாதது. நான் சொல்லும் அறியாமைக்கு அந்த உவமை பொருந்தாது. இது பெயிண்ட். டப்பாவைத் திறந்து, பிரஷ் எடுத்து, நாமே அடித்துக்கொள்வது.

நீதிமன்றங்களுக்கும் இது புதிதல்ல. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு எண்ணெயில் வறுக்கும் மின்சட்டி பற்றிய காப்புரிமை வழக்கு ஒன்று வந்தது. ஒரு நிறுவனம் போட்டியாளரின் சட்டியை ஹாங்காங்கில் வாங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே விற்கப்படும் சட்டி என்பதால் அதன்மேல் அமெரிக்கக் காப்புரிமைக் குறி இல்லை. அதைப் பார்த்து அப்படியே ஒன்றைச் செய்துவிட்டு, இதில் யாருடைய உரிமையாவது மீறப்படுகிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் கருத்தும் கேட்டது. எதைப் பார்த்துச் செய்தோம் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் தேடிப்பார்த்து இல்லை என்றார். எங்களுக்குத் தெரியாது என்று நிறுவனம் வாதாடியது. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவனைத் தெரிந்தவனாகவே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு வறுக்கும் சட்டிக்கு இருக்கிற இந்த நியாயம் ஒரு குழந்தையின் ஜன்னலுக்கு, அதுவும் சொந்த வீட்டுக்குள், கிடையாது.

நண்பர் பக்கமும் ஒரு வாதம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டுமா? டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-ல் தன் மரபணுத் தொகுதி முழுவதையும் பொதுவில் வெளியிட ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு இடத்தைத் தவிர. அல்சைமர் நோய்க்கான வாய்ப்பைச் சொல்லக்கூடிய மரபணுவின் விவரம் தனக்கும் வேண்டாம் என்றார். தெரிந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை, பயம்தான் மிச்சம் என்றால் தெரியாமல் இருக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். (அவருடைய மரபணுவில் பாதி அவருடைய பிள்ளைகளுடையது என்பதால் அதுவும் முழுக்க அவருடைய விஷயமில்லை. அதை இங்கே விடுகிறேன்.) என் ஜன்னல் கதை வேறு. தெரிந்தால் செய்ய வேண்டியது பட்டியலாக இருந்தது. பட்டியலைத் தவிர்க்கத்தான் தெரியாமல் இருந்தேன். வலி என்னுடையதும் அல்ல. தெரியாமல் இருந்ததன் லாபம் எனக்கு, நஷ்டம் தவழ்கிறவளுக்கு.

இந்த ஏற்பாடு என்னோடு ஆரம்பித்ததும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், குழந்தைகளுக்கு வரும் ஈய நச்சுக்கு வராந்தாக் கம்பிகளிலும் சுவர்களிலும் அடித்த பெயிண்ட்தான் காரணம் என்று எழுதியது 1904-ல். கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயப் பெயிண்ட் அடிப்பதைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை ஜெனீவாவில் உருவானது 1921-ல். அமெரிக்கா அதை ஏற்கவில்லை. என் வீட்டைக் கட்டியது அதற்கு ஐந்து வருடம் கழித்து. நான் கையில் அள்ளிய முதல் வெள்ளை அடுக்கு, உலகத்தில் ஒரு பகுதிக்கு நன்றாகத் தெரிந்த பிறகு பூசப்பட்டது. அதற்குப் பின்னும் 1978 வரை அரை நூற்றாண்டுக்கு மேல். நடுவில் எத்தனை பேர் தெரியாது என்ற கட்டத்தில் டிக் அடித்திருப்பார்கள்!

மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்கு ஆறு வாரம் இருந்தது. காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய் ரத்தம் கொடுத்தோம். முந்தைய கோடையில் பழைய அபார்ட்மெண்டில் இருந்தபோது எடுத்த சோதனையில் 2-க்கும் கீழே என்று வந்திருந்தது. இப்போது 4.2. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் அத்தனை மைக்ரோகிராம். 3.5-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது 2021 அக்டோபரில் வைத்த வரம்பு. செவிலி மிக அன்பாகப் பேசினார். இரும்புச்சத்தும் கால்சியமும் உள்ள உணவு கொடுங்கள், கையை அடிக்கடி கழுவுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். மருந்து எதுவும் இல்லை, அந்த அளவுக்கு மருந்து கொடுப்பதில்லை.

என் இரண்டு ஜன்னல்களால் ஏறியதா, ஒன்பது மாதமாக அந்த வீட்டின் தரையில் தவழ்ந்ததால் ஏறியதா? தெரியாது. இந்த முறை நிஜமாகவே தெரியாது. அந்தச் சனிக்கிழமைக்கு முன் தரையைச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். ஒருமுறை வேண்டுமென்று தெரியாமல் இருந்தவனுக்கு, பிறகு தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் கிடைக்காமல் போயிற்று. மூன்று மாதத்தில் 3.1 ஆனது, அடுத்த வருடம் 2-க்கும் கீழே போனது. ரத்தத்தில் குறைந்ததில் கொஞ்சம் எலும்புக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அவள் இப்போது நன்றாகப் பேசுகிறாள், நன்றாகப் பொய்யும் சொல்கிறாள். ஒரு வார்த்தை வராமல் அவள் தடுமாறினால் நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

கிளிஃபர்ட் சொன்னது அதிகப்படி இல்லை என்று ஒத்துக்கொண்டது இங்கேதான். அந்த எண் 1.0 என்று வந்திருந்தாலும் சனிக்கிழமை துடைப்பம் பிடித்தவன் இதே ஆள்தான். ஆனால் 1.0 வந்திருந்தால் இதை எழுதியிருப்பேனா? மாட்டேன். நண்பரிடம், "பாத்தீங்களா, ஒண்ணும் இல்ல" என்று சிரித்திருப்பேன்.

மிச்சம் 12 ஜன்னல்களையும் நானேதான் மாற்றினேன். மனைவியும் குழந்தையும் வேறு வீட்டில் தங்கிய வாரக்கடைசிகளில் மட்டும். தடித்த பிளாஸ்டிக்கைத் தரையில் விரித்து, கதவுகளை மூடி ஓரமெல்லாம் டேப் ஒட்டி, நெம்பும் இடத்தில் எல்லாம் தண்ணீர் தெளித்து, மெல்லிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி வைத்த வேக்குவம் வாடகைக்கு எடுத்து, முகமூடி போட்டுக்கொண்டு. துணிகளைத் தனியாகத் துவைத்தேன். ஒரு ஜன்னலுக்கு ஒரு நாள் ஆனது, சில சமயம் ஒன்றரை. ஒவ்வொரு அறை முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடைத்து எடுத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நண்பர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஆபரேஷன் தியேட்டர் மாதிரி பண்ணி வெச்சிருக்கீங்க" என்றார். செலவைக் கூட்டிப்பார்த்தால் 9,000 டாலர் மிச்சம் என்ற கணக்கு உதைத்தது, அது கிடக்கட்டும். ஆய்வகத் தாள்களை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். விற்கும்போது முதல் கட்டத்தில் டிக் அடித்து அந்த ஃபைலையும் கொடுக்க வேண்டும். விலை குறையும்.

2024 வசந்தத்தில் நண்பர் டெக்ஸாஸில் வேலை கிடைத்து வீட்டை விற்றார். தெரியாது என்ற கட்டம்தான். அவரைக் கேட்டேன். "வாங்குறவங்களுக்குப் பத்து நாள் டைம் குடுக்குது சட்டம், அவங்க டெஸ்ட் பண்ணிக்கலாமே" என்றார். அதுவும் உண்மை. போட்டி போட்டு வீடு வாங்கும் காலத்தில் அந்தப் பத்து நாளையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள் என்பதும் உண்மை. வந்தவர்கள் இளம் தம்பதி. ஒரு குழந்தை நடக்கிறது, இன்னொன்று கைக்குழந்தை. சாயங்காலம் நடக்கப் போகும்போது பார்ப்பேன். அந்த எட்டு ஜன்னல்களில் எந்தப் பக்கம் எத்தனை ஆப்பு என்பதுவரை எனக்குத் தெரியும். அங்கே பிளாஸ்டிக் விரிக்கவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை, கூட்டி அள்ளியவர்களில் நானும் ஒருவன். கூலி வாங்காத உதவி என்பதால் எந்த விதியும் என்னைத் தொடாது. அங்கே ஈயம் இருப்பதாகவும் எனக்குத் தெரியாது. ஊகம்தான்.

நண்பரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க வீட்ல நீங்க செஞ்சீங்க, சரி. அந்த வீடு இப்ப எனக்கும் சொந்தமில்ல, உங்களுக்கும் சொந்தமில்ல. எதுக்குத் தலைவரே?" என்றார். கோபமில்லை, களைப்பு மாதிரி இருந்தது. ஒரு முன்பின் தெரியாத ஆள், பழுப்பு நிறத்தில், கதவைத் தட்டி உங்கள் ஜன்னலில் விஷம் இருக்கலாம் என்று சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கமும் எனக்கு இருந்தது. சோதனைக் குச்சி வாங்கி செருப்பு அலமாரிமேல் வைத்தேன். மூன்று வாரம் அங்கேயே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தேன். அந்த இளைஞர்தான் திறந்தார், தோளில் கைக்குழந்தை. நாலு தெரு தள்ளி இருப்பதையும், இந்த ஜன்னல்களை மாற்றியபோது உதவிக்கு வந்ததையும், என் வீட்டில் நடந்ததையும் சொன்னேன். மகளின் எண்ணைச் சொல்லும்போது மட்டும் குரல் சரியாக வரவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். "ஆனால் முன்பு இருந்தவர் ஈயம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே" என்றார்.

அப்படி இருக்காது என்றேன். உள்ளே போய்ப் படிவத்தை எடுத்து வந்தார். சமையலறை மேசையில் வைத்து இருவரும் குனிந்து படித்தோம். விற்பவருக்கு எதுவும் தெரியாது என்ற வரிக்கு முன்னால் டிக். அவர் அதை இரண்டு முறை படித்தார், இரண்டாவது முறை உதடு அசைய. "நான் இதை இல்லை என்றே படித்திருக்கிறேன்" என்றார்.

ஜன்னல் புதிது, ஆனால் கீழே இருக்கும் பலகை பழைய மரம்தான். மூலையில் கத்தியால் கீறினேன். வெள்ளை, கிரீம், ஒரு நீலம், வெள்ளை, பிறகு மரம். குச்சியை உடைத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து, கீறலில் நுனியை வைத்துத் தேய்த்தார். அரை நிமிடம் பார்க்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. பார்த்துக்கொண்டு நின்றோம்.